பிணைநீர்

மாசி மாதத்து அந்திப் பொழுது. மேற்கே கதிரவன் மறைந்த இடத்துச் செம்மை இன்னும் முழுவதும் ஆறாதிருக்க, கிழக்கே மருதமரங்களுக்கு மேலாக முழுநிலா அவசரம் ஏதுமின்றி எழுந்துகொண்டிருந்தது. காரியாற்றின் நடுவே கோடை மணல்திட்டு ஒன்று வெள்ளி பூசியதுபோல் மின்னியது. அதற்கு இப்பால் நெடுந்துறைக் கோட்டையின் கரிய மதில்கள். அப்பால் தாழம்புதர்கள் அடர்ந்த வடகரை நாட்டின் எல்லை. அழகான காட்சிதான். ஆனால், அன்பு வாசகர்களே, இதை நின்று ரசித்துக்கொண்டிருக்க அந்நாட்களில் எவருக்கும் மனம் வரவில்லை. அந்தி சாய்ந்ததும் காரியாறு பேசத் தொடங்கிவிடும் என்று கோட்டைவீரர்கள் சொன்னார்கள். "துறை திறந்திருக்கிறதா?" என்று நீருக்குள்ளிருந்து பல குரல்கள் கேட்குமாம்.

செத்தவர்களின் குரல் என்று நம்புவதற்கு வீரர்களிடம் காரணம் இருந்தது. அதைச் சொல்லுமுன் நெடுந்துறையின் பழைய வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கரையில் போரும் பஞ்சமும் ஓய்ந்த காலமே கிடையாது. அடைக்கலம் தேடி ஆற்றைக் கடந்து வருகிறவன் நெடுந்துறையின் கடைசிப் படிக்குக் கீழே முழங்கால் நீரில் நிற்க வேண்டும். இக்கரைக்காரர் யாரேனும் ஒருவர் இறங்கிச் சென்று, ஆற்றுநீரை இரு கையாலும் அள்ளி அவன் கைகளில் வார்க்க வேண்டும். அவன் அதைக் குடிக்க வேண்டும். அதற்குப் பிணைநீர் என்று பெயர். குடித்தவன் நாட்டின் விருந்தாளி; குடிப்பதே அவன் தரும் வாக்கு. அவன் துரோகம் செய்தால் வார்த்தவரின் தலை போகும். படைவீரர் மட்டும் பிணை நிற்கக் கூடாது. காவலிருப்பவனுக்கு வேண்டியவர், வேண்டாதவர் இருக்கக் கூடாதல்லவா?

சென்ற ஆவணியில் அப்படிப் பிணைநீர் பெற்று உள்ளே வந்த ஒருவன், கோட்டைக்கு விழாக் காண வந்திருந்த பட்டத்து இளவரசன் அதிமாறனை நீர்வாயிலருகே குத்திக் கொன்றான். அவன் வடகரைப் படைத்தலைவனான தண்டநாயகனின் ஒற்றன். பிடித்துத் தூக்கிலிட்டார்கள். அவனுக்கு நீர் வார்த்தவள் முக்காடிட்ட ஒரு பெண் என்பதற்கு மேல் எவருக்கும் எதுவும் தெரியவில்லை; அவளை வெள்ளம் கொண்டுபோயிற்று என்று துறைக்காவலன் அரசருக்குச் சொல்லியனுப்பினான். துயரத்தால் மதியிழந்த அரசர், "இனி ஒரு குருவியும் ஆற்றைக் கடக்கக் கூடாது!" என்று ஆணையிட்டார். ஆணை வந்தது ஐப்பசியில். அப்போது ஆற்றில் பாதி தூரம் வந்துவிட்ட ஒரு கூட்டம் இருந்தது. கோட்டையிலிருந்து அம்புகள் பறந்தன. தலைக்கு மேலாகத்தான், அச்சுறுத்தத்தான். கூட்டம் திரும்பியது. மலைவெள்ளம் அந்த நேரம் பார்த்து வந்தது. அக்கரையையும் அடையவில்லை, இக்கரையையும் அடையவில்லை அந்தப் பாவப்பட்ட மக்கள்.

இப்போது கோட்டை மதில்மேல் இருவர் நின்றுகொண்டிருந்தனர். ஒருவன் அந்த அம்புகளுக்கு ஆணையிட்ட துறைக்காவலன் வீதிவிடங்கன். நல்ல உயரம், அகன்ற தோள். ஆனால் பல நாள் உறக்கமில்லாத கண்கள். மற்றவள் அரசரின் மகள், கொலையுண்டவனின் தங்கை அரிஞ்சிகை. வெண்பட்டு உடுத்து, ஓர் அணியும் பூணாமல், அன்று மாலைதான் பல்லக்கில் வந்து இறங்கியிருந்தாள். ஒரு காலத்தில் இவர்கள் இருவரும் எதிர்ப்பட்டால் பேச்சு வராமல் தவித்தவர்கள். இன்றும் பேச்சு வரத்தான் தயங்கியது, காரணம் வேறு.

"காவலரே! வில்லாளிகள் நாணேற்ற மறுக்கிறார்களாமே? அரண்மனைவரை செய்தி வந்துவிட்டது."

"மறுக்கவில்லை, தேவி. நாணேற்றுகிறார்கள். குறிபார்க்கையில் கை நடுங்குகிறது."

"யாருக்கு?"

"முதலில் எனக்கு."

இளவரசி கீழே நீர்வாயிலின் படியைச் சுட்டிக்காட்டினாள். "என் தமையனின் குருதி இந்தக் கல்லில்தான் சிந்தியது. அதைவிடவா உமக்கு ஆற்றின் முனகல் பெரிதாகப் போயிற்று?"

"இரண்டுமே என் காவலில் நடந்தவை, தேவி. எதை மறப்பேன்?"

"அப்படியானால் சொல்லும். வருகிறவர்களில் எவன் தப்பி வந்தவன், எவன் அனுப்பப்பட்டவன் என்று எப்படி அறிவீர்? நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா?"

"நிச்சயமாக அறிய வழியில்லை. அதனால்தான் முன்னோர் தலையைப் பணயமாக வைத்தார்கள். தலை போகுமென்றால் மனிதன் எதிரே நிற்பவனை உற்றுப் பார்ப்பான். மூடிய கதவு யாரையும் பார்ப்பதில்லை; கொலைகாரனும் கைக்குழந்தையும் அதற்கு ஒன்றுதான்."

"உற்றுப் பார்த்தாலும் ஏமாறலாம்!" என்று அரிஞ்சிகை வெடுக்கென்று சொன்னாள். குரலில் கோபத்தைவிட வேதனை அதிகமிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அது கேட்டது.

"துறை... திறந்திருக்கிறதா...?"

ஆற்றின் நடுவிலிருந்து மெல்லிய குரல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. மதில்மேல் காவல்நின்ற வீரர்கள் ஒருவர் தவறாமல் இடுப்பிலிருந்த துணியை உருவிக் காதுகளை இறுகக் கட்டிக்கொண்டு, ஆற்றுக்கு முதுகுகாட்டித் திரும்பி நின்றார்கள். கிழவீரன் ஒருவன் மட்டும், "தேவி, காதைப் பொத்திக்கிடுங்க! பதில் சொன்னா அதுங்க நம்மையும் கூடவே கூட்டிக்கிட்டுப் போயிடும்!" என்று கெஞ்சினான். வீதிவிடங்கன் காதைக் கட்டிக்கொள்ளவில்லை. நாள்தோறும் செய்வதுபோல் தலைகுனிந்து, தண்டனை கேட்பவனாக நின்றிருந்தான்.

அரிஞ்சிகைக்கு உடல் சிலிர்த்தது. மதில் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். குரல்கள் மறுபடி எழுந்தன. அவற்றின் நடுவில் ஒரு சின்ன இருமல் கேட்டது. கக்குவான் கண்ட குழந்தையின் இருமல்.

"காவலரே!" என்று அவள் அலறினாள். "பேய் இருமுமா?"

வீதிவிடங்கன் நிமிர்ந்தான். நிலவில் மணல்திட்டின்மேல் நிழல்கள் தெரிந்தன. பெண்கள், முதியவர்கள், ஒருத்தியின் இடுப்பில் குழந்தை. உயிருள்ள மனிதர்கள்! எத்தனை அந்திகளில் இப்படி உயிருள்ளவர்கள் வந்து கூப்பிட்டிருப்பார்கள்? காதைக் கட்டிக்கொண்ட கோட்டையைப் பார்த்துவிட்டு எங்கே போயிருப்பார்கள்? இந்தக் கேள்வி அவன் நெஞ்சைக் கவ்விக்கொண்டது. நினைக்கவே எனக்கும் பதறுகிறது, வாசகர்களே.

"தேவி, துறையைத் திறக்க ஆணையிடுங்கள்!"

"மாட்டேன். அவர்களுள் ஒற்றன் இருந்தால்?"

"இருக்கலாம்."

"தெரிந்துமா கேட்கிறீர்? ஊரிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுப் பிணை நிற்கச் சொல்லும், பார்ப்போம். யார் தலையைக் கொடுப்பார்கள்?"

"தாங்கள் ஒருமுறை கொடுத்தீர்கள், தேவி."

அரிஞ்சிகை சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

வீதிவிடங்கன் தாழ்ந்த குரலில் பேசினான். "ஆவணி விழாவுக்கு வந்திருந்தபோது பரிவாரம் அறியாமல் முக்காடிட்டுத் துறைக்கு வந்து, களைத்து நின்ற ஒருவனுக்கு இரங்கி நீர் வார்த்தீர்கள். முக்காட்டுக்குள் இருந்தாலும் தங்கள் நடை எனக்குத் தெரியாதா? வெள்ளம் கொண்டுபோயிற்று என்று அரசரிடம் பொய் சொன்னவன் நான்."

"நீர்... அன்றே அறிவீரா?" வார்த்தைகளுக்கு முன் கண்ணீர் வந்தது. "அண்ணனைக் கொன்றது அவனல்ல, நான்! ஒவ்வொரு நாளும் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நான் வார்த்த நீரை அவன் குடிக்கவில்லை, காவலரே. முகம் கழுவிக்கொண்டான். வெயிலில் வந்தவன், முதலில் முகம் கழுவுகிறான், பாவம் என்று எண்ணினேன். வழக்கத்தை அறிந்தவள், கண்ணெதிரே பார்த்தவள், போகட்டும் என்று விட்டேனே!"

இருமல் மீண்டும் கேட்டது. இம்முறை நெடுநேரம் ஓயவில்லை. அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள்; என்ன நினைத்தாளோ, விறுவிறுவென்று படிகளில் இறங்கலானாள். "நீர்வாயிலைத் திறவுங்கள்! வில்லோடு என் பின்னால் வாரும்!"

கதவு கிரீச்சிட்டுத் திறந்தது. திட்டிலிருந்தவர்கள் நீரில் இறங்கி, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வந்து, கடைசிப் படிக்குக் கீழே நின்றார்கள். அரிஞ்சிகை வெண்பட்டு நனைய முழங்கால் நீரில் இறங்கினாள். முக்காடு இல்லை. ஒவ்வொருவர் முகத்தையும் நிலவொளியில் நேராகப் பார்த்து, நீரை அள்ளி வார்த்தாள். ஒரு முதியவர் அழுதுகொண்டே குடித்தார். ஒரு பெண் குடித்துவிட்டு அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தொண்டைக்குழி அசைந்ததைக் கண்ட பிறகே இளவரசி அடுத்தவரிடம் சென்றாள்.

கடைசியில் நின்றவள் இளம்பெண். இடுப்பில் இருமும் பெண்குழந்தை. அவள் கைகளில் நீர் விழுந்தது. அவள் அதைக் குழந்தையின் வாயில் மட்டும் புகட்டினாள். மிச்சம் விரலிடுக்கில் வழிந்துபோயிற்று.

"நீயும் குடி, பெண்ணே."

"தாகமில்லீங்க."

அரிஞ்சிகை இன்னொரு கை நீரை அள்ளி நீட்டினாள். "குடி."

அந்தப் பெண் தலையை அசைத்தாள். "குடிக்க மாட்டேன் தாயி. வேற யாராச்சும் வார்த்திருந்தா குடிச்சிருப்பேனோ என்னமோ. நீங்க ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பார்த்துப் பார்த்து வார்த்தீங்களே, அதுக்கப்புறம் எப்படிக் குடிப்பேன்? என் பேரு சாத்தி. என் புருசன் தண்டநாயகன் பாசறையில கட்டுண்டு கிடக்கிறாரு. உள்ளே போயி, அமாவாசைக்கு இந்தக் கதவைத் திறந்துவிட்டாத்தான் அவரு உசிரோட திரும்புவாருன்னு சொல்லி அனுப்பினாங்க. இவங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அவங்கமேல பழி போட்டுடாதீங்க."

உளவாளி! வீதிவிடங்கனின் கை தானாக வில்லைப் பற்றியது. ஆனால் இளவரசி அவளை இரு தோளிலும் பிடித்துக்கொண்டாள். "உண்மை சொன்னவளைத் திருப்பி அனுப்ப மாட்டேன். குடி! என் தலை என் பாடு!"

"என் புருசன் உசிரு, தாயி? அந்தத் தாழம்புதருக்குள்ள ஆளுங்க பார்த்துக்கிட்டிருக்காங்க. நான் இங்கேயே தங்கிட்டு, கதவும் திறக்கலேன்னா அவரு கதி அவ்வளவுதான். பிடிபட்டு ஓடிவந்தேன்னு சொன்னா ஒருவேளை விட்டுவைப்பாங்க." அவள் குழந்தையை முத்தமிட்டு இளவரசியின் கைகளில் திணித்தாள். பிறகு வீதிவிடங்கன் பக்கம் திரும்பினாள். "ஐயா, மேலில ஒரு காயமும் இல்லாமப் போனா நம்ப மாட்டாங்க. நான் ஓடுறேன். எய்யுங்க."

"என்னால் முடியாது, அம்மா" என்றான் துறைக்காவலன். ஐப்பசி வெள்ளம் அவன் கண்முன் சுழன்றது.

"முடியணும் ஐயா. உங்க கைதான் இன்னிக்கு அவரைக் காப்பாத்தணும்."

அவள் நீரில் பாய்ந்து ஓடத் தொடங்கினாள். "பிடியுங்கள்! உளவாளி தப்புகிறாள்!" என்று அரிஞ்சிகை கூவினாள், அக்கரை கேட்கும்படி கூவினாள், கூவும்போதே விம்மினாள். வீதிவிடங்கன் நாணை இழுத்தான். கை நடுங்கியது. மூச்சை அடக்கிக்கொண்டு, அந்த ஓடும் உருவத்தின் இடது தோளை மட்டும் பார்த்தான். அம்பு பறந்தது. மணல்திட்டின்மேல் சாத்தி குப்புற விழுந்தாள். ஆறு ஓடும் ஓசையைத் தவிர வேறு சத்தமே இல்லை. பின்னர் அவள் எழுந்தாள்; தோளைப் பற்றியபடி தள்ளாடித் தள்ளாடி மறுபக்க நீரில் இறங்கினாள். தாழம்புதரிலிருந்து இரண்டு உருவங்கள் வந்து அவளைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு மறைந்தன.

குழந்தை வீறிட்டு அழுதது. அரிஞ்சிகை அதை மார்போடு அணைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"காவலரே, நாளைக் காலை அரசவையில் உண்மை முழுவதையும் சொல்லப்போகிறேன். தந்தையார் என் தலையைக் கேட்டால் கொடுப்பேன். கேட்கும்வரை இந்தத் துறை திறந்திருக்கும். வருகிறவர் ஒவ்வொருவருக்கும் நானே நீர் வார்ப்பேன். குடிக்கிறாரா என்று நானே பார்ப்பேன். சாத்தி திரும்பி வந்து என் கையால் குடிக்கும் நாள்வரை இவ்விடத்தைவிட்டு அசையேன். இந்தக் காரியாற்றின்மேல் ஆணை!"

வீதிவிடங்கன் வில்லைப் படியில் வைத்துவிட்டு நீரில் இறங்கினான். முழங்கால் நீரில், அடைக்கலம் தேடி வந்தவர்கள் நின்ற அதே இடத்தில் நின்றான்.

"தாங்கள் செய்ததை மறைத்தவன் நான். அரசரிடம் பொய் சொன்னவன் துறைக்காவலனாக இருக்கத் தகாதவன், தேவி. இக்கணம் முதல் நான் படைவீரனல்லன்." அவன் இரு கைகளையும் ஏந்தினான். "எனக்கும் ஒருவர் பிணை நிற்க வேண்டும்."

அரிஞ்சிகை குழந்தையை ஒரு தோளில் சாத்திக்கொண்டு குனிந்தாள். ஒற்றைக் கையால் அள்ள முடிந்தது சிறிதளவு நீர்தான். அதை அவன் கைகளில் வார்த்துவிட்டு, கண்ணை எடுக்காமல் அவன் முகத்தையே பார்த்தாள்.

அவன் குடித்தான்.