ஒருத்தர் விடாமல்

பதினொன்று வந்தது.

நொக் வேனின் படியில் ஒரு காலும் மழையில் நனைந்த செங்கல் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு மறுபடியும் எண்ணினாள். யார் தலையிலும் கை பட்டுவிடாமல், இருக்கைகளின் முதுகை மட்டும் விரல் நுனியால் தொட்டு, முன் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை போய் வந்தாள். பதினொன்று. வேனில் பயணிகளுக்கு இருப்பதே பத்து இருக்கைதான். யாரும் நிற்கவில்லை. யாரும் யார் மடியிலும் உட்கார்ந்திருக்கவில்லை. மூன்றாவது தடவை எண்ணியபோது சமர்த்தாகப் பத்து வந்தது.

பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் வழிகாட்டியாக இருப்பவள் அவள். மத்தியானம் ஒரு மணிக்கு ஏற்றி, ஐந்து கோயில் கும்பிட வைத்து, ஆறு மணிக்கு ஆற்றங்கரையில் இறக்கிவிடும் இந்த அரைநாள் புண்ணியச் சுற்றுலாவைத் தூக்கத்தில்கூட நடத்திவிடுவாள். வெயிலும் மழையும் மாறி மாறி அடித்தால் மூளை குழம்பத்தான் செய்யும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு கதவை இழுத்துச் சாத்தினாள். சாத்தும்போதுதான், ஐந்து நிமிடத்துக்கு முன் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பது நினைவுக்கு வந்தது.

அது மூன்றாவது கோயில். கோயில் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். தலையில்லாத புத்தர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கருகிய சுவர்கள், நடுவில் ஒரு பக்கம் சாய்ந்த கோபுரம், அவ்வளவுதான். தாய்லாந்தின் பழைய தலைநகரான இந்த ஊரைப் பர்மியப் படை கொளுத்திய நாளில் இந்தச் சுவர்களுக்குள் ஓடி ஒளிந்தவர்கள் ஒருவரும் வெளியே வரவில்லை என்பார்கள். இந்த மாதிரி இடத்தில் அயுத்தயாவின் எந்த வழிகாட்டியும் தன் ஆட்களைப் பொதுவாகக் கூப்பிடமாட்டார். சட்டையில் ஒட்டிய எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார், இல்லையென்றால் வாயே திறக்காமல் கொடியை ஆட்டுவார். 'எல்லாரும்' என்று சொல்லிவிட்டால் அதில் யார் யார் சேர்த்தி என்று அப்புறம் நாம் தீர்மானிக்க முடியாது. நொக்குக்கு இது பல் துலக்குவது போலப் பழகிய விஷயம். ஆனால் இன்றைக்கு மழை திடீரென்று கொட்டியது. தங்கை பிம் ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு வழுக்கும் படியில் தனியாக இறங்கிக்கொண்டிருந்தாள். பார்த்த பதற்றத்தில் நொக் கத்திவிட்டாள்.

"ஒருத்தர் விடாம எல்லாரும் வந்து வண்டியில ஏறுங்க. வாங்க, வாங்க, போகலாம்."

வேன் கிளம்பியது. நொக் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, உள்கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். முன் வரிசையில் பாங்காக்கில் டயர் கடை வைத்திருக்கும் சம்ரான், மனைவி, மைத்துனன். நடு வரிசையில் கல்லூரி முடித்த ஒரு ஜோடியும் அவர்களின் தோழியும். கடைசி நீள இருக்கையில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ரத்சனீ, அவருடைய இரண்டு சிநேகிதிகள், ஜன்னலோரம் பிம். பிம்மின் முகம் காலையிலிருந்தே வெளுத்துக் கிடந்தது. இரண்டாவது கோயிலில் ஊதுவத்தி கொளுத்தும்போதுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"நேத்துக் காலையிலேர்ந்து அசையலக்கா."

"என்னடி சொல்ற? கிளம்பு, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"போனா அவங்க வாயால ஏதாவது சொல்லிடுவாங்க. முந்தின ரெண்டு பிள்ளைக்கும் அதைக் கேட்டாச்சு. அஞ்சு கோயிலையும் கும்பிட்டு முடிச்சிட்டு சாயங்காலம் நேரா போயிடலாம். அதுவரைக்குமாவது என்கிட்ட இருக்கட்டுமே."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டபின் நொக் தன் ஊதுவத்தியையும் கொளுத்தி நட்டாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை.

மழை கூரையில் அடித்தது. கண்ணாடியில் தொங்கிய மல்லிகைச் சரம் இடமும் வலமும் ஆடியது. குளிர்காற்றோடு நனைந்த செங்கலின் வாசனை வந்தது, அது இயல்புதான், பத்துப் பேரின் செருப்பிலும் அந்த மண் ஒட்டியிருந்தது. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. அடிப்பிடித்த சோற்றுப் பானையைத் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டு, அப்படியே மறந்துவிட்டால் வரும் வாசனை. ஓட்டுநர் தோங் மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். இருபது வருடமாக இதே வண்டியை ஓட்டுகிறவர், மேட்டில் ஏறும்போது அது எவ்வளவு முனகும் என்பது அவருக்கு அத்துப்படி. கியரை மாற்றினார், இன்னொரு தடவை மாற்றினார்.

"எத்தனை பேர் தங்கச்சி?"

"பத்துண்ணே."

"சரி. பத்துன்னா பத்து."

அதற்கு மேல் அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. பேசக்கூடாது. வித்தியாசமாக ஏதாவது மணத்தாலும் கண்ணில் பட்டாலும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். சொல்லிவிட்டால், பார்த்தாயா, என்னைத் தெரிந்துகொண்டாயா என்று அது நம்மிடமே உட்கார்ந்துவிடும்.

வளைவில் வண்டி திரும்பியபோது பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஈரமான வெறுங்காலை ரப்பர் விரிப்பின் மேல் வைத்து எடுத்தால் வருமே, அந்தச் சத்தம். நொக் கண்ணாடியில் பார்த்தாள். எல்லோர் காலிலும் செருப்பு இருந்தது.

"கைடம்மா, ஏசியைக் கொஞ்சம் குறைங்களேன்" என்றார் சம்ரான், தோளைக் குறுக்கிக்கொண்டு. "புண்ணியம் சேர்க்க வந்தா, ஐஸ் பெட்டியில மீன் மாதிரி அடுக்கிட்டீங்க."

அவர் மனைவி சிரித்தாள். தோங் ஏசியைக் குறைத்தார். அடுத்த வளைவில் மறுபடி அந்தச் சத்தம். சம்ரான் தோளைத் தளர்த்திக்கொண்டார். இப்போது நடு வரிசையில் அந்தப் பெண் தன் காதலனின் சட்டைக்குள் கையை நுழைத்துக்கொண்டாள். "எங்கேர்ந்துடா இவ்வளவு குளிர்?" என்று அவனிடம் முணுமுணுத்தாள்.

நொக்குக்குப் புரிந்துவிட்டது. அது வரிசை வரிசையாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. இடம் தேடிக்கொண்டு.

"பிம், முன்னாடி வந்து என் சீட்ல உக்காரு."

"வேணாங்கா, இங்க காலை நீட்டிக்க வசதியா இருக்கு."

"சொன்னா கேளுடி."

"ஓடற வண்டியில எழுந்து வரச் சொல்றியே, நல்ல அக்கா நீ" என்று சலித்துக்கொண்டு பிம் ஜன்னலில் தலையைச் சாய்த்தாள். அவள் திரும்பியபோதுதான் நொக் வயிற்றைக் கவனித்தாள். நீலச் சட்டையின் நடுவில், தொப்புளுக்கு மேலே, இன்று மத்தியானம் நொக்கே தன் கையால் குத்திவிட்ட ஊக்கு அங்கே இல்லை. சாவு வீட்டுக்குப் போகும் கர்ப்பிணி, வயிற்றுக்கு நேரே துணியில் ஊக்கு குத்தாமல் போகமாட்டாள். இடிந்த கோயிலும் சாவு வீடும் ஒன்றுதான் என்று சொல்லித்தான் குத்திவிட்டிருந்தாள்.

"ஊக்கு எங்கடி?"

"டீச்சரம்மாவுக்குச் செருப்பு வார் அறுந்துபோச்சு. குடுத்துட்டேன்."

டீச்சரம்மா பெருமையோடு காலைத் தூக்கிக் காட்டினார். "கெட்டிக்காரப் பொண்ணு உங்க தங்கச்சி. இல்லேன்னா நான் வெறுங்காலோடதான் நடந்திருக்கணும்."

"டீச்சரம்மா, மன்னிச்சுக்குங்க, அதை அவகிட்டத் திருப்பிக் குடுத்துடுங்க. மாசமா இருக்கறவ. ஊக்கு இல்லாம இருக்கக்கூடாது."

"ஆமால்ல. எனக்கே தோணாமப் போச்சே." டீச்சரம்மா குனிந்தார். மூக்குக் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி கைப்பையில் இருந்தது, கைப்பை சிநேகிதியின் மடியில் இருந்தது. ஊக்கின் முனை தோல் வாருக்குள் சிக்கிக்கொண்டது. "இருங்க, இருங்க, வந்துடுச்சு" என்றார். வரவில்லை.

வண்டி இன்னொரு தடவை திரும்பியது.

அந்தச் சத்தம். ஒரு அடி. இன்னொரு அடி.

நடு வரிசைப் பெண் கையை வெளியே எடுத்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். டீச்சரம்மாவின் சிநேகிதி சால்வையை இழுத்துப் போர்த்தினார். பிம்மின் பக்கத்து ஜன்னல், மற்ற ஜன்னல்களைப்போல் வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருக்காமல், உள்பக்கமும் மூச்சுப் பட்டதுபோல் ஆவி பூத்துக்கொண்டு வந்தது. பிம் கண்ணை மூடியிருந்தாள். நொக் சீட்டைப் பிடித்துக்கொண்டு முழுதாகத் திரும்பிவிட்டாள். கத்தலாம். கத்தினால் என்ன சொல்லிக் கத்துவது?

"அண்ணே, வண்டியைத் திருப்புங்க. போன இடத்துக்கே போவோம். ஊதுவத்தி ஏத்தி, மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடலாம்."

"பாலத்துக்கு அந்தப் பக்கம் தண்ணி ஏறிடுச்சாம் தங்கச்சி. இப்பத்தான் போன்ல செய்தி வந்துச்சு. நம்ம வண்டிதான் கடைசியா தாண்டுச்சு." தோங்கின் கை ஸ்டியரிங்கில் வழுக்கியது. அவருக்கு வேர்த்திருந்தது.

பிம் திடுக்கென்று கண்ணைத் திறந்தாள். ஏதோ விக்கல் வந்ததுபோல் ஒரு மூச்சை உள்ளே இழுத்தாள்.

வாசனை போய்விட்டது. ஒரு நொடியில், துடைத்துவிட்டதுபோல்.

"இந்தாம்மா" என்று டீச்சரம்மா ஊக்கை நீட்டினார். பிம் அதை வாங்கி, சமர்த்தாகச் சட்டையில் வயிற்றின் நடுவில் குத்தி, கொக்கியை அழுத்திப் பூட்டினாள். "போதுமாக்கா?" என்று சிரித்தாள். போதுமா என்று நொக்குக்குத் தெரியவில்லை. வெளியே இருப்பதை உள்ளே விடாமல் தடுக்கத்தான் ஊக்கு என்பது மட்டும் தெரியும்.

நாலாவது கோயில் ஆட்கள் புழங்கும் கோயில். மழை விட்டிருந்தது. வாசலில் தாமரை மொட்டு விற்கிறவர்கள் பிளாஸ்டிக் விரிப்பை உதறிக்கொண்டிருந்தார்கள், ரொட்டியில் பஞ்சுமிட்டாயைச் சுருட்டுகிற வாசனை வந்தது. மண்டபத்தில் எல்லோரும் கைகூப்பி உட்கார்ந்தார்கள். வயதான பிக்கு மந்திரம் சொல்லிக்கொண்டே மூங்கில் குச்சிக் கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தெளித்துக்கொண்டு வந்தார். சம்ரான் இன்னொரு தடவை தெளிக்கச் சொல்லித் தலையைக் குனிந்தார். ஜோடி சிரித்தது. டீச்சரம்மா 'சாது', அப்படியே ஆகட்டும், என்றார். அடுத்தது பிம்.

பிக்குவின் கை மேலே போனது, அங்கேயே நின்றது. குச்சிகளிலிருந்து தண்ணீர் சொட்டு சொட்டாக அவர் காவியிலேயே விழுந்தது. அவர் பிம்மின் முகத்தைப் பார்க்கவில்லை. ஊக்கையும் அதற்குக் கீழேயும் பார்த்தார். மந்திரம் பாதியில் நின்றிருந்தது. பிறகு கையை இறக்கி, பிம்மை விட்டுவிட்டு, அடுத்து உட்கார்ந்திருந்தவள்மேல் தெளித்தார்.

எல்லோரும் எழுந்து போனபின் நொக் அவர் முன்னால் மண்டியிட்டாள். "சாமி."

"வீட்டுக்குப் போங்கம்மா."

"என் தங்கச்சி, சாமி. ரெண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவ."

அவர் தண்ணீர்ச் சட்டியை மூடினார். மூடியபின்னும் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "நான் எதையும் பார்க்கலைம்மா" என்றார், மிக மெதுவாக. அவர் குரலில் இருந்தது பயம். நாற்பது வருடம் காவி கட்டியவரின் பயம்.

வேனில் ஏறியதும் நொக் எண்ணினாள். பத்து. திருப்பி எண்ணினாள். பத்து. கடைசியிலிருந்து எண்ணினாள். பத்து. அந்தப் பத்தைவிட அந்தப் பதினொன்றே மேலாக இருந்திருக்கும்.

"அஞ்சாவது கோயில் வேணாம்ணே. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"அஞ்சு கோயில்னு சொல்லித்தானேம்மா கூட்டிட்டு வந்தீங்க" என்று சம்ரான் ஆரம்பித்தார்.

"அக்கா."

கடைசி வரிசையிலிருந்து பிம் கூப்பிட்டாள். அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கன்னங்களில் கண்ணீர் ஓடியது. முகமெல்லாம் சிரிப்பு. மூன்று வருடமாக நொக் அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை.

"அக்கா, அசையுது."

வண்டிக்குள் ஒரே சந்தோஷம். டீச்சரம்மா கைதட்டினார். "பாத்தியா, சாமி கண்ணைத் திறந்துட்டார்." சம்ரான்கூடக் கும்பிட்டார். "அப்படின்னா சரி, முதல்ல டாக்டர்கிட்டப் போங்க, அஞ்சாவது கோயிலை நாங்க இன்னொரு நாள் பாத்துக்கறோம்." எல்லோரும் ஒரே குரலில் சாது, சாது என்றார்கள். தோங் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியைக் கிளப்பினார்.

"வந்து தொட்டுப் பாருக்கா. சீக்கிரம் வா. எவ்வளவு பலமா அசையுது தெரியுமா?"

நொக் போனாள். போகாமல் எப்படி இருப்பது? இருக்கைகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து, வரிசை வரிசையாக. டீச்சரம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். பிம் அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்து அழுத்தினாள். சட்டை சூடாக இருந்தது. உள்ளே அசைவு.

உருளவில்லை. உதைக்கவில்லை.

தடவியது. தோலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு வருகிறவரைப்போல, மெதுவாக, அவள் கை இருக்கும் இடத்தைத் தேடி வந்தது. வந்ததும் நின்றது.

ஒரு விரல். அப்புறம் ஒன்று. அப்புறம் ஒன்று.

"என்னக்கா பேசாம இருக்க? நல்லாத்தானே இருக்கு? சொல்லுக்கா."

பிம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற ஒன்பது பேரும் திரும்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நொக் வாயைத் திறந்தாள்.

"நல்லா இருக்குடி" என்றாள்.

பிம் அழுதுகொண்டே சிரித்தாள். அக்காவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவளுடைய நீலச் சட்டைக்கு அடியில், நொக்கின் உள்ளங்கைக்கு எதிரே, ஒரு உள்ளங்கை விரிந்தது. ஐந்து விரலும் நன்றாகத் தெரிந்தன. நொக்கின் கையைவிட அது பெரிதாக இருந்தது. உழைத்துக் காய்ப்பேறிய வளர்ந்த ஆளின் கை. அது அவள் விரல்களுக்கு இடையே தன் விரல்களைக் கோத்து, தங்கையின் தோலோடு சேர்த்து, இறுகப் பிடித்துக்கொண்டது.