ரொட்டி வண்டியின் முன் சீட்

தீர்ப்பு நாள் காலையில் ரொட்டி வண்டி வாசலில் தயாராக நின்றது. மாமியார் அதில் ஏற மறுத்துவிட்டாள். முட்டிவலிக்காரி, பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் உயிர் போய்விடும். ஆனாலும் வீராப்பு.

"புருஷனைக் காட்டிக்கொடுத்தவ ஓட்டுற வண்டில நான் உக்காரணுமா? நடந்தே போறேன்" என்றாள், மருமகளைப் பார்க்காமல் கேட்டைப் பார்த்து.

மருமகள் பதில் சொல்லவில்லை. எதற்குத்தான் அவள் பதில் சொன்னாள்? கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு ஊமைச்சி என்றுதான் பேர். அவள் வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவை. குடியைக் கெடுத்தது அதுதான் என்று வீடே சொன்னது.

அவள் புருஷன் ரொட்டிக்கடைக்காரன். குடித்துவிட்டு வண்டி ஓட்டி, பூட்டிக் கிடந்த தையல்கடையின் ஷட்டரை உள்ளே தள்ளிவிட்டான். யாருக்கும் அடியில்லை. போலீஸ் ஊதச் சொன்னதில், சட்டம் அனுமதிக்கும் அளவைப்போல் பல மடங்கு காட்டியது. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஆனால் நீதிபதி தண்டனையை உடனே சொல்லவில்லை. ஆள் எப்படிப்பட்டவன், வீட்டில் எப்படி நடந்துகொள்வான், திருந்துவானா என்று விசாரித்துவர ஓர் அதிகாரியம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்.

அவர் வருகிறார் என்றதும் நாத்தனார் தலைமையில் ஒத்திகை நடந்தது. யாரோ அரைகுறை வக்கீல் சொல்லிக்கொடுத்த யோசனை. எல்லோரும் ஒன்றையே சொல்ல வேண்டுமாம்: 'எங்க பிள்ளை டீயைத் தவிர எதையும் தொடமாட்டான், அன்னைக்கு மட்டும் சிநேகிதன் கட்டாயத்துல ஒரு வாய்.' மாமியார் சொன்னாள், மாமனார் சொன்னார், நாத்தனார் சொன்னாள், நாத்தனாரின் புருஷனும் சொன்னான். பக்கத்து வீட்டுக்காரனையும் பழக்கி வைத்திருந்தார்கள். அவன் யாரும் கேட்குமுன்பே மதிலுக்கு மேல் தலையை நீட்டி ஒப்பித்துவிட்டுப் போனான்.

கடைசியில் அதிகாரியம்மா ஊமைச்சியிடம் கேட்டார்.

"தினம் குடிப்பாரும்மா. குடிச்சிட்டுத்தான் ஓட்டுவாரு. யாரையாவது கொன்னுட்டு வந்துடுவாரோன்னு பயந்து பயந்து வாசல்லயே நின்னிருக்கேன்... கெட்டவர் இல்ல. அவருக்கு வைத்தியம் வேணும்."

அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டது. அவள் போட்ட டீயை மாமியார் தொடுவதில்லை. புருஷன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் லைசென்ஸைப் போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டதால், சுட்ட ரொட்டி கடையிலேயே காய்ந்தது. ஒரு காலை ஊமைச்சி சாவியை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். பிறந்த வீட்டில் அப்பாவின் பால்வண்டியை ஓட்டியவள் அவள். இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

அந்த வாரமே புருஷன் தானாக வந்து பக்கத்தில் ஏறிக்கொண்டான். வெகுதூரம் போனபின், "அந்தக் குடிய நிறுத்துற ஆஸ்பத்திரில இறக்கி விடு" என்றான். அதிலிருந்து தவறாமல் போனான். ஒரு சொட்டுத் தொடவில்லை. தையல்காரருக்குப் புது ஷட்டரும் மாட்டிக் கொடுத்தான். ஆனாலும், மகன் ஜெயிலுக்குப் போனால் இவள் வாயால்தான் என்பதில் மாமியாருக்குச் சந்தேகமே இல்லை.

கோர்ட்டில் நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். குடித்த அளவு அதிகம், ஆள் நடமாடும் தெரு, இவை தண்டனையைக் கூட்டும் என்றார். முதல் வழக்கு, யாருக்கும் காயமில்லை, ஒப்புக்கொண்டார், நஷ்டத்தைச் சரிசெய்தார், இவை குறைக்கும் என்றார். மாமியாருக்குத் தராசு ஏறி இறங்குவது மட்டும் புரிந்தது. அவள் மகளின் கையை நசுக்கினாள்.

"வீட்டுல நாலு பேரும் ஒரு எழுத்து மாறாம ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருக்காங்க. பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொல்லியிருக்கார்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நாத்தனார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"குடிச்சே பழக்கமில்லாதவர் அவ்வளவு குடிச்சிருந்தா சாவியையே போட்டிருக்க முடியாது. நோயே இல்லன்னு சாதிக்கிற குடும்பத்தை நம்பி ஒருத்தரை எப்படி வெளியே விடுறது? ஜெயிலுக்குத்தான் அனுப்பியிருப்பேன். உண்மையைச் சொன்னது அவர் மனைவி மட்டும்தான். அதுக்கப்புறம்தான் இவர் வைத்தியத்துக்குப் போயிருக்கார். அந்த ஒரு வார்த்தைக்காக இவரை வீட்டுக்கு அனுப்புறேன்."

மூன்று மாத ஜெயில் தண்டனை, ஆனால் நிறுத்திவைப்பு. வைத்தியத்தை விட்டாலோ மறுபடி குடித்து ஓட்டினாலோ உள்ளேதான். இரண்டு வருஷம் லைசென்ஸ் கிடையாது. வாராவாரம் ஆஸ்பத்திரியில் அடிபட்டு வருபவர்களின் ஸ்ட்ரெச்சரைத் தள்ள வேண்டும்.

"அதுவரைக்கும் ரொட்டி வண்டியை யார் ஓட்டுவாங்க?" என்று கேட்டார் நீதிபதி.

"நான்தாங்க" என்றாள் ஊமைச்சி.

வெளியே வந்ததும் புருஷன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஊர் பார்க்கிறதே என்றுகூட இல்லாமல் அழுதான். மாமியார் படியில் நின்றுவிட்டாள்.

"ஏண்டி... நாங்க அத்தனை பேரும் வாயைத் திறந்து அவனை உள்ள தள்ளப் பாத்தோம். நீ ஒருத்தி வெளிய இழுத்துட்டு வந்திருக்க. உன்னைப் போயி..." என்று சொல்லி முடிக்காமல் மருமகளைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

"நிக்காதீங்க அத்தை, கால் வலிக்கும்" என்றாள் ஊமைச்சி. அவள் கண்ணும் வழிந்துகொண்டிருந்தது.

வண்டியருகே வந்ததும் புருஷன் பழக்கதோஷத்தில் முன் கதவைத் திறந்தான். மாமியார் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

"நீ எங்கடா ஏறுற? போ, பின்னாடி ரொட்டித் தட்டோட தட்டா உக்காரு. உங்க அக்காவையும் கூட்டிட்டுப் போ. முன் சீட்டு எனக்கு."

ஊமைச்சி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. வண்டி கிளம்பியது. மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் வேகமாத்தான் போயேன்டி. உன் கையால டீ குடிச்சு எத்தனை நாளாச்சு..."