ஐ வரிசை, பன்னிரண்டாம் நாற்காலி

பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது ரூபாய்!

அவ்வளவு கடன் பாக்கி வைத்திருந்த ஆசாமி மேடைக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். கழுத்தில் மைக் ஒயர். பிளாக்கில் டிக்கெட் விற்றே தொப்பை வளர்த்த புரோக்கர்.

கடன் கொடுத்தவர், அரங்கத்தில் நாற்காலி போடுகிற தொழிலாளி. பிணத்தை முதலில் பார்த்தவரும் அவரே. போதாதா?

"பணம் வரல. தீர்த்துட்ட. அப்படித்தானே?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"கொன்னுட்டா யார்கிட்டம்மா வசூல் பண்றது?"

"அதை லாக்கப்ல சொல்லு!"

நாற்காலிக்காரர் வாசலைப் பார்த்தார். வீட்டில் மகள் தனியாக…

பக்கத்தில் தோள்பையோடு செண்ட் மணக்க நின்றார் டிக்கெட் மறுவிற்பனைத் தடுப்பு அதிகாரி. புதுச் சட்டம், புதுப் பதவி! அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு பைசா ஏற்றி விற்றாலும் கம்பி எண்ண வேண்டும். இதுவரை பிடித்த ஆள், பூஜ்யம். கொடுத்த பேட்டி, பதினாறு!

"கொலை நடந்தப்ப நீங்க எங்க சார்? சும்மா பதிவுக்குத்தான்."

"கச்சேரி முடியற வரைக்கும் சீட்டை விட்டு எழுந்திருக்கல மேடம். இதோ டிக்கெட். ஐ வரிசை, பன்னிரண்டு."

நாற்காலிக்காரர் நிமிர்ந்தார்.

"எந்த வரிசைங்க?"

"ஐ! ஹெச்சுக்கு அப்புறம் என்னய்யா வரும்?"

"ஜே."

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். "பார்த்தீங்களா மேடம்? தற்குறி!"

"தற்குறிதாங்க. நாப்பது வயசுல, நாற்காலில ஒட்டி ஒட்டித்தான் ஏ, பி, சி படிச்சேன். நம்பர் ஒண்ணுன்னு நினைச்சுக் குழம்புவாங்கன்னு எங்க ஹால்ல ஐ ஒட்டவே மாட்டோம். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல அந்த எழுத்தே கிடையாது!"

சிரிப்பு பாதியில் அறுந்தது…

இன்ஸ்பெக்டர் வரிசைகளின் மேல் டார்ச் அடித்தாள்.

ஜி… ஹெச்… ஜே!

அதிகாரியின் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். கொத்துக் கொத்தாக டிக்கெட்டுகள். அத்தனையும் ஐ வரிசை!

"பிடிக்க வேண்டியவரே போலி அடிச்சிருக்கீங்க. செத்தவன் வித்தான். சீட் கிடைக்காதவங்க அவன் சட்டையைப் பிடிச்சாங்க. அவன் உங்க சட்டையைப் பிடிச்சான். சரியா?"

"காட்டிக் கொடுத்துடுவேன்னு… மிரட்டினான் மேடம்…"

"தூ! இல்லாத நாற்காலில உக்காந்து கச்சேரி கேட்ட மூஞ்சியைப் பாரு!"

விலங்கு விழுந்தது.

"அண்ணே, நீங்க போகலாம். ஆமா… உங்க பாக்கி?"

நாற்காலிக்காரர் பிணத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"தள்ளுபடிம்மா! அந்தக் கடனை வேற யாருக்காவது வித்துத் தலையில கட்டலாம்னா… மறுவிற்பனைக்குத்தான் சட்டம் போட்டுட்டாங்களே!"