கட்டைவிரல் வை... கதவு திற!

போன் அலறியது.

சேர்மன் பாய்ந்து எடுத்தார்.

"சார்... கொக்கி பேசறேன். உங்க அண்ணியை குடோன்ல போட்டுப் பூட்டியாச்சு!"

"கத்துனாங்களா?"

"இல்ல சார். என் மூஞ்சியைப் பார்த்து, 'இதுக்கு எவ்வளவுப்பா கூலி?'ன்னு கேட்டாங்க."

"பேச்சுக் கொடுக்காதே! மீட்டிங் முடியற வரைக்கும் கதவை விட்டு நகராதே!"

வைத்துவிட்டு வேர்வையைத் துடைத்தார்.

விரல் ரேகைக்குத் திறக்கும் பூட்டு செய்கிற கம்பெனி. அண்ணன் கட்டியது. அண்ணன் போனதும் தம்பி நாற்காலியில் உட்கார்ந்தார்... பூட்டும் கெட்டது, பேரும் கெட்டது. பங்கு விலை பாதாளத்தில்!

இன்று பங்குதாரர்கள் கூட்டம். சேர்மனையும் அவர் போர்டையும் கூண்டோடு தூக்கத் தீர்மானம்.

அண்ணியிடம்தான் பங்கு அதிகம். அவர் நேரில் வந்து ஓட்டுப் போட்டால் சேர்மன் காலி!

ஹால் கொதித்தது.

"யோவ்! உன் பூட்டு எனக்குத் திறக்க மாட்டேங்குது... திருடனுக்குத் திறக்குது!" எகிறினார் ரிட்டயர்டு லாரி டிரைவர். "முதுகு ஒடிஞ்சு சேர்த்த காசுய்யா!"

"அமைதி! ஓட்டெடுப்பை ஆரம்பிக்கலாம். அண்ணிக்கு... பாவம், உடம்பு சரியில்ல."

"யாருக்குத் தம்பி உடம்பு சரியில்ல?"

வாசலில் அண்ணி! புடவையெல்லாம் குடோன் தூசி. கூடவே இன்ஸ்பெக்டர். பின்னால் விலங்கோடு கொக்கி!

சேர்மன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"எ... எப்படி அண்ணி?"

"நம்ம பூட்டுதானே? கட்டைவிரல் வெச்சேன்... திறக்கல. முழங்கை பட்டுச்சு... 'நல்வரவு'ன்னு திறந்துடுச்சு! இந்த மகராசன் கதவுல சாஞ்சு தூங்கிட்டிருந்தான். உள்ளே விழுந்தான். நான் வெளிய வந்து சாத்திட்டேன். அவனுக்கு முழங்கை விஷயம் தெரியல."

கொக்கி பொருமினான். "வேற கம்பெனிப் பூட்டு வாங்கலாம்னேன். இவருதான் 'நம்மகிட்டயே ஸ்டாக் மலையாக் கெடக்கு'ன்னாரு!"

"ஓட்டெடுப்பை நடத்துங்க," என்றார் அண்ணி. "என் ஓட்டு... தூக்கு!"

ஹால் முழுக்க ஆரவாரம். தீர்மானம் பாஸ்!

சேர்மன் பின்வாசலுக்கு ஓடினார். அங்கேயும் கம்பெனிப் பூட்டு! கட்டைவிரலை அழுத்தினார்.

"மன்னிக்கவும்," என்றது பூட்டு.

அடுத்த விரல். "மன்னிக்கவும்."

முழங்கை!

"மன்னிக்கவும்... மன்னிக்கவும்..."

இன்ஸ்பெக்டரின் கை அவர் சட்டைக் காலரில் விழுந்தது.

டிரைவர் துள்ளினார். "பார்த்தீங்களா சார்? ரிப்பேர் பூட்டு!"

"இல்ல பெரியவரே... இன்னிக்குத்தான் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு. திருடனுக்குத் திறக்கல!"