வந்துட்டேம்மா, திற

நேற்று எந்த இடத்தில் தும்மினாரோ அதே இடத்தில்தான் அப்பா இன்றும் தும்மினார். “வந்துட்டேம்மா,” பிறகு அந்தத் தும்மல், பிறகு “திற.”

குரல் பெருங்குழாய் வழியாக வந்தது. தினமும் அப்படித்தான். சேறு அள்ளி முடித்து மறுமுனையில் ஏறியதும் குழாய்வாயில் குனிந்து அப்பா சொல்வார். அவள் மதகுச் சக்கரத்தைத் திருப்புவாள். ஊருக்குத் தண்ணீர் போகும். இன்று கை நகரவில்லை. இரண்டு சூரியன்களில் சிறியது சன்னலில் சாய்ந்துகொண்டிருக்க, துருவும் பாசியும் கலந்த வாடை அறையில் கனத்துக் கிடந்தது; குழாய்க்குள் எங்கோ ஈரத்தோல் இரும்பில் உரசும் சத்தம் நிற்காமல் கேட்டது.

தேரைகள். மனிதர்கள் இந்தக் கிரகத்துக்கு வரும் முன்பே இருந்தவை. உள்ளங்கை அளவு, சாம்பல் நிறம், கண் கிடையாது, தொண்டையில் ஒரு பை. குழாயை மூன்று முறை தட்டினால் அதே சத்தத்தை மூன்று முறை திருப்பித் தரும். பதில் தருவது ஆளா தேரையா என்று தெரியாமல் தண்ணீரைத் திறந்ததில் உள்ளே இருந்த இரண்டு பேர் செத்தார்கள். அதன் பிறகு விதி எழுதியது அவள்தான், சேறு அள்ளுபவர் வீட்டின் முதல் பட்டதாரி: உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்கு ஒன்று கூட்டி நான்காகத் தட்ட வேண்டும். தேரைக்குக் கூட்டத் தெரியாது. பேசவும் வராது. அதே அறிக்கையில் சேறு அள்ள இயந்திரமும் கேட்டிருந்தாள். அந்தப் பக்கத்தை எவனும் புரட்டவில்லை. மனுஷன் மலிவு.

ஸ்பானரால் மூன்று முறை தட்டினாள்.

நான்கு வந்தது.

“மேஸ்திரி, உள்ள ஆள் இருக்கு.”

“இறங்கினது உங்கப்பா ஒருத்தர்தான். அவர் குரல்தான் கேட்டுச்சே.” மேஸ்திரி பல் குத்திக்கொண்டே சொன்னார். “தேரை பேசாதுன்னு எழுதினது யாரு, நானா? உங்க பாடத்தைக் கேட்டுக் கேட்டு அதுவும் கணக்கு படிச்சிருக்கும், இன்ஜினியரம்மா. தொட்டி வழியுது, திறங்க.”

நான்கு தட்டலை நம்புவதா, குரலை நம்புவதா? தேரைக்குப் பேச வராது என்ற தன் கையெழுத்தை அவள் நம்பினாள்.

திருப்பினாள்.

தண்ணீர் இரைந்து பாய்ந்தது. அப்பாவின் செருப்பு வாசலில் கிடந்தது. கால் மணி நேரத்தில் நடந்து வந்து மாட்டிக்கொள்வார்.

வரவில்லை.

மூன்றாம் நாள்தான் கிடைத்தார். விபத்து என்றார்கள். நான்கு தட்டல் வந்ததை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை.

எட்டாம் நாள், பட்டப்பகல். அம்மா பாத்திரம் கழுவப் போனாள். மூடிய வீட்டுக் குழாய்க்குள் தட்டல்.

நான்கு.

“வந்துட்டேம்மா.” தும்மல். “திற.”

“உங்கப்பாடி,” என்றாள் அம்மா.

“தொடாதம்மா.”

“எட்டு நாளா அந்த மனுஷன் குரலைக் கேக்கலடி. கையை எடு.”

அம்மா திருகினாள். தண்ணீர் வரவில்லை. குழாய்வாயில் சாம்பல் தோல் பிதுங்கியது. பை உப்பியது. அப்பாவின் குரலேதான், இம்முறை வேறு வார்த்தை. அவள் கேட்டிராதது. குழாய்க்குள் கேட்டதைத்தான் தேரை சொல்லும்.

“மூடும்மா. அம்மாடி, மூடு.”

அவள் பாய்ந்து மூடினாள். குரல் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழாயில். எதிர்வீட்டில். தெருக்கோடி வரை.

“மூடும்மா.”

ஈரக் கையோடு அம்மா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.