ஆளில்லா வீட்டின் சத்தம்

பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே லென்ஸ் இருந்த இடத்தில் வெறும் வெல்வெட் குழி.

1981. நெல்லிவாசல்நாட்டில் பச்சையம்மாவின் வீட்டைப் படப்பிடிப்புக்கு எடுத்திருந்தார்கள். காலை பத்தரைக்கு சப்-இன்ஸ்பெக்டர் ராஜாக்கண்ணு ஜீப்பிலிருந்து குதித்தார். உள்ளே கால் வைத்ததும் சரசரத்தது. மழைக்குப் பயந்து, முந்தின நாளே காய்ந்த சாமை வைக்கோலைச் சுவருக்குச் சுவர் பரப்பியிருந்தாள் பச்சையம்மா. கடைசி மூலையில் பெட்டி.

"கடைசியா யார் பார்த்தது?"

"நான்தான் சார்," என்றார் கேமராமேன் வடிவேலு. "எட்டு மணிக்கு. அப்புறம் எல்லாரும் பாறைமேட்டுக்குப் போய்ட்டோம். ஒலிப்பதிவாளர் அருணகிரி மட்டும் இருந்தார்."

"நானும் உள்ள இல்ல சார்," அருணகிரி முந்திக்கொண்டார். "வசனத்துக்கு நடுவுல சத்தமே இல்லாமப் போனா படம் செத்துடும். அதுக்காக ஆளில்லாத வீட்டோட சத்தத்தைத் தனியா பிடிச்சு வைப்போம். நிலைப்படிக்கு மேல மைக்கைத் தொங்கவிட்டு, மெஷினை ஓடவிட்டு, புளியமரத்தடிக்குப் போய்ட்டேன். இதைக் கேளுங்க."

டேப் சுழன்றது. காற்று. ஒரு குருவி. பிறகு ஜல், ஜல், ஜல். கொக்கி திறக்கும் 'டக்'. மறுபடி ஜல், ஜல்.

எல்லோர் கண்ணும் பச்சையம்மாவின் கொலுசுக்குப் போனது.

"இன்னா, என் காலையே பாக்குறீங்க? நான் கொல்லையில களை புடுங்கிகினு இருந்தேங்க. உங்க கண்ணாடிய வெச்சிகினு களியா கிண்டப் போறேன்?"

"ஜீப்ல ஏத்துங்க சார்!" வடிவேலு துடித்தார்.

கொல்லையில் அவளைப் பார்த்த சாட்சி யாருமில்லை. ஏறினால் ஜெயில்தான்.

ராஜாக்கண்ணு அருணகிரியின் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். கொட்டாங்குச்சி, தகரம், ஒரு ஜோடிக் கொலுசு.

"இதெல்லாம்?"

"கொட்டாங்குச்சி, குதிரை ஓட. தகரம், இடி. கொலுசு, கதாநாயகி நடக்க. படத்துல பாதி சத்தம் இப்படிப் பின்னாடி சேர்க்கறதுதான் சார்."

ராஜாக்கண்ணு காலடி வைக்கோலைப் பார்த்தார். பிடி கிடைத்துவிட்டது!

"மைக்கை அதே இடத்துல தொங்கவிட்டு மெஷினை ஓடவிடுங்க. பச்சையம்மா, அந்த மூலைவரைக்கும் போய்ட்டு வாம்மா."

போய் வந்தாள். டேப்பைத் திருப்பிப் போட்டார்கள். சரக், ஜல். சரக், ஜல்.

வடிவேலு வாய் பிளந்தார். "முதல் டேப்புல வைக்கோல் சத்தமே இல்லையே!"

"யாரும் நடக்கலையே, எப்படி இருக்கும்?" என்றார் ராஜாக்கண்ணு. " லென்ஸை முதல்லயே எடுத்தாச்சு. அப்புறம் நிலைப்படிக்கு வெளியே நின்னு, மைக் முன்னால கொலுசைக் குலுக்கி, டிரங்குக் கொக்கியைத் தட்டியிருக்கீங்க, அருணகிரி. தியேட்டர்ல பொம்பள நடக்கறதுக்குக் கொலுசு போதும், ஜனம் நம்பிடும். அந்தப் பழக்கத்துல தரையை மறந்துட்டீங்க."

அருணகிரியின் கை தானாக மெஷின் பக்கத்திலிருந்த பேட்டரிப் பெட்டியின் மூடியை அழுத்தியது. கூட வந்த கான்ஸ்டபிள் அதைப் பிடுங்கித் திறந்தார். கைக்குட்டைக்குள் லென்ஸ்.

ஜீப் அருணகிரியோடு கிளம்பியது. பச்சையம்மா வாசலை மறித்து நின்றாள்.

"அம்மா, இன்னும் ரெண்டு சீன் பாக்கி," வடிவேலு குழைந்தார்.

"ஜீப்ல ஏத்துன்னு கத்துன வாயிதானே அது? அதே வாயால மன்னிப்பு கேளுய்யா. இங்க கீற எல்லார் காதுலயும் வுழணும்."

வடிவேலு தாழ்ந்த குரலில் மன்னிப்பு கேட்டார்.

"இன்னும் சத்தமா," என்றாள் பச்சையம்மா.