தூசு விழாத அறை

தூரிகையின் நுனி ஈரமாக இருந்தது.

அது எண்ணெயின் ஈரமாக இருந்திருந்தால் தொமிஸோ கவலைப்பட்டிருக்க மாட்டார். வேலை முடிந்ததும் தூரிகையை எண்ணெயில் கழுவி, காகிதத்தில் சுற்றி இழுப்பறையில் வைப்பது எல்லா அரக்குப் பட்டறையிலும் உள்ள வழக்கந்தான். ஆனால் இது எண்ணெய் இல்லை. விரலில் பட்டதை மூக்கருகே கொண்டுபோனார். உப்பு வாடை. கடற்பாசி வாடை. அவர் மனைவி இசோ செத்து நாற்பத்தொன்பது நாள் ஆகி, நேற்றுத்தான் துறவி வந்து மணியடித்து ஓதிவிட்டுப் போயிருந்தார். அந்த நாற்பத்தொன்பது நாளும் இந்த இழுப்பறையை யாரும் திறக்கவில்லை.

அரக்குப் பூசும் தூரிகைக்குப் பெண்ணின் கூந்தல்தான் வேண்டும். பென்சிலுக்குள் கரி ஓடுவதுபோல மரச்சட்டத்துக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மயிர் ஓடும். நுனி தேய்ந்தால் மரத்தைச் சீவிப் புது மயிரை வெளியே எடுப்பார்கள். கடலில் முக்குளிக்கும் பெண்களின் கூந்தல் என்றால் ஜப்பானின் இந்த நோட்டோ கரையில் தனி மதிப்பு. இந்தத் தூரிகையில் இருந்தது இசோவுடையது. சிப்பி எடுக்க முக்குளித்துக்கொண்டிருந்தவள், கல்யாணத்துக்கு முந்தின நாள், இடுப்புவரை இருந்ததை அறுத்துக் கொடுத்தாள்.

தொமிஸோவை ஊரில் யாரும் தொமிஸோ என்று கூப்பிடுவதில்லை. அவர் ‘கான்சாய்’ ஆகி இருபது வருஷமாகிறது. அந்தப் பெயரை அவருக்கு யாரும் சூட்டவில்லை. ஒரு நல்ல நாள் பார்த்து அவரே எடுத்துக்கொண்டார். பெயருக்குத் தோதாகத் தாடி வளர்த்தார். மாடியில், கடைசிப் பூச்சு அறையின் கதவில், ‘கான்சாய் பூசுகிறார். மூச்சை அடக்கவும்’ என்று பலகை மாட்டினார். ஈரப் பூச்சில் ஒரு தூசு விழுந்தாலும் கிண்ணம் போச்சு. அதனால் பூசுகிறவரைத் தவிர வேறு யாரும் அந்த அறைக்குள் நுழையக் கூடாது என்பது தொழிலின் பழைய சட்டம். அந்தச் சட்டத்தைத் தொமிஸோ மதித்த அளவுக்கு யாரும் மதித்ததில்லை. ஏனென்றால் உள்ளே பூசியது இசோ. ‘கான்சாய்க்குக் கையாளாக’ அவளும் உள்ளே போவாள் என்பது ஊர் அறிந்த கதை. கான்சாய் சுவரோரம் திண்டில் தலை சாய்த்துத் தூங்குவார் என்பது ஊர் அறியாதது. கிண்ணம் காய்ந்ததும் எழுந்து, அதன் பெட்டி மூடியில் மையால் ‘கான்சாய்’ என்று எழுதுவார். மூடியில் எழுதுவதில் மட்டும் அவரை மிஞ்ச அந்தக் கரையிலேயே ஆளில்லை. கடைசிக் கோட்டை ஒரு சுழற்றுச் சுழற்றுவார் பாருங்கள், பார்க்கிறவர்கள் கிண்ணத்தை மறந்துவிடுவார்கள்.

இப்போது மாகாணக் கலைக்குழு அவருக்கு ‘முதற்கை’ என்ற பட்டம் கொடுக்க இருந்தது. அதற்கு ஐந்து கறுப்புக் கிண்ணங்கள் பூசிக் காட்ட வேண்டும், ஆறு நாளில். ஒரு மாதமாக, கடையில் வாங்கிய தூரிகையை வைத்துக்கொண்டு பழைய கிண்ணங்களில் ரகசியமாகப் பழகிப் பார்த்துவிட்டார். ஒன்று வழிந்தது, ஒன்று சுருங்கியது, ஒன்றில் அவருடைய தாடி மயிரே ஒட்டிக்கொண்டு நின்றது. வேறு வழியில்லாமல்தான் இன்று காலை இந்த இழுப்பறையைத் திறந்தார்.

“தொமி!”

கீழே அடிப்பூச்சு வேலை பார்க்கும் கிஹேய், தட்டோடு மாடிப்படியின் பாதியில் நின்றிருந்தான். சின்ன வயதுத் தோழன். அந்தப் பழைய பெயரை விடாமல் கூப்பிடும் ஒரே ஆள்.

“அஞ்சும் தேச்சு முடிச்சாச்சுப்பா. இனிமே நீயாச்சு, உன் முதற்கையாச்சு.”

“அங்கயே வை. மேல வராத. தூசு.”

“வரல சாமி. நீ தூசுன்னு சொல்றது என்னத்தான்னு தெரியும்.” தட்டை வைத்தவன் தொமிஸோவின் மணிக்கட்டையே பார்த்தான். சேங்கொட்டைப் பால் பட்டதுபோலச் சிவந்து தடித்திருந்தது. “என்னது இது?”

“கொசு.”

“அரக்குத் தடிப்பு எனக்குத் தெரியாதா? வேலைக்கு வந்த மொத மாசம் எனக்கும் வந்துச்சு. அப்பறம் ஒடம்பு பழகிப்போச்சு. முப்பத்தெட்டு வருஷமா பூசுற கைக்கு இப்பத்தான் அரிக்குதாக்கும்?”

“வயசானா ஒடம்பு மாறும்டா.”

“மாறும், மாறும்.” கிஹேய் படியிறங்கினான். பாதியில் நின்று, திரும்பாமலே சொன்னான்: “அண்ணி கையில ஒரு நாளும் ஒரு தடிப்பு பாத்ததில்ல, பாத்துக்க.”

மழைக்காலம். காலை பத்து மணிக்கே வீடு சாயங்காலம்போல் இருண்டிருந்தது. தொமிஸோ கதவைத் தாழிட்டு உட்கார்ந்து, நனைந்த அந்தத் தூரிகையால் முதல் கிண்ணத்தைப் பூசினார். விளிம்பில் அரக்கு கண்ணீர்போல் திரண்டு வழிந்தது. எறிய மனம் வராமல் அதை ஈர அலமாரிக்குள் வைத்தார். அரக்கு வெயிலில் காயாது, ஈரத்தில்தான் இறுகும். அலமாரியின் பலகைகள் நனைந்திருந்தன. உள்ளே கிண்ணங்களைத் தாங்கும் சட்டம், பூச்சு ஒரு பக்கம் வழியாமலிருக்க, ஆறு நிமிடத்துக்கு ஒரு தரம் ‘கடக்’ என்று தானாகத் தலைகீழாகத் திரும்பியது.

கீழே வந்து சோறும் ஊறுகாயும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் மூன்றாவது கவளத்தோடு கையை நிறுத்திக் காதைத் தீட்டினார். ஓட்டில் விழும் மழைக்கும், கூரைக் குழாயில் ஓடும் தண்ணீருக்கும், எங்கோ கிஹேய் உப்புத்தாள் தேய்க்கும் கரகரப்புக்கும் அடியில், மாடியிலிருந்து இன்னொரு சத்தம் வந்துகொண்டிருந்தது: ஈரமான, மெதுவான, ஒரே நீளமான சத்தம், பட்டுத்துணியை முடிவே இல்லாமல் இழுப்பதுபோல. அது நின்றது. பிறகு ஒரு சீழ்க்கை.

முக்குளிப்பவர்கள் மேலே வந்து, அடக்கிவைத்த மூச்சை உதட்டைக் குவித்து விடும்போது வரும் சீழ்க்கை அது. இசோ கடலை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு கிண்ணத்தை ஒரே மூச்சில் பூசுவாள். முடித்ததும் சீழ்க்கை. தூங்கிக்கொண்டிருக்கும் கான்சாய்க்கு அதுதான் எழுந்து மையைத் தேய்க்க வேண்டிய அழைப்பு.

அவர் மறுநாள்தான் மாடி ஏறினார். ஈர அலமாரிக்குள் கிண்ணம் கறுப்பாக, வழிந்த தடமே இல்லாமல், ஆழக் கிணற்றுத் தண்ணீர்போல் இருந்தது. அதில் அவர் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் அறை. அறையின் மூலையில் கறுப்பாக ஏதோ தொங்கியது. திரும்பிப் பார்த்தார். மூலை காலி.

பயந்தார்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பயந்துகொண்டே மையைத் தேய்த்தார். மூடியில் ‘கான்சாய்’ என்று எழுதி, கடைசிக் கோட்டைச் சுழற்றினார். பிறகு இரண்டாவது கிண்ணத்தை, பூசிக்கூடப் பார்க்காமல், அப்படியே அலமாரிக்குள் வைத்துவிட்டுக் கீழே வந்தார்.

இரண்டாவதும் வந்தது. மூன்றாவதும் வந்தது. ஒவ்வொரு நாளும் பாய்மேல் மரச்சீவல்கள் கிடந்தன. ஒவ்வொரு நாளும் தூரிகை இரண்டு விரற்கடை குறைந்தது. பாயில் ஈரத் தடங்கள் இருந்தன. அவர் துணியால் துடைத்தார்; துடைத்த துணியைப் பிழிந்தபோது மணல் வந்தது. இசோவின் படத்துக்கு முன்னால் தினமும் வைக்கும் சோற்றைப் பெரிய கிண்ணத்தில் வைத்தார், கொஞ்சம் கருவாடும் சேர்த்து. அதுவே பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டார்.

இசோ கேட்டது சோறு இல்லை. சாகிற அன்று விடியற்காலையில், “என்னங்க, ஒரே ஒரு மூடியில என் பேர எழுதுங்க” என்றாள்.

“உனக்கென்ன கிறுக்கா? ஊர் சிரிக்கும்.”

“உள்பக்கமா எழுதுங்க. யாரும் பாக்க மாட்டாங்க.”

“பாக்கலாம், தூங்கு.”

அவள் தூங்கவில்லை. பொழுது விடிந்ததும் உதட்டைக் குவித்து ஒரு மூச்சு விட்டாள். அவ்வளவுதான்.

நான்காவது கிண்ணத்தை எடுக்கப் போன அன்று, அது பூசி முடிந்திருந்தது; ஆனால் தூரிகை இருந்த இடத்தில் கட்டைவிரல் அளவு மரத்துண்டு கிடந்தது. கையில் எடுத்து உள்ளே பார்த்தார். வெறும் சட்டம். ஒரு மயிர் இல்லை. ஐந்தாவது கிண்ணம் தட்டில் மங்கலாக உட்கார்ந்திருந்தது. ஈர அலமாரிக்குள் வைத்தார். ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தார். மாடியில் சத்தமே இல்லை. ‘கடக்’ மட்டும். மறுநாள் திறந்தபோது அது வைத்தபடியே இருந்தது, அடிப்பூச்சின் சாம்பல் நிறத்தோடு.

அன்றைக்கே கலைக்குழுச் செயலாளர் நாகடா வந்து இறங்கினார், ஒரு ஒலிப்பதிவுக் கருவியைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு.

“மாஸ்டர்! அஞ்சாவது கிண்ணத்துக்குன்னே வந்திருக்கேன். உள்ள வரமாட்டேன், அந்தப் பாவத்தச் செய்வேனா? கதவுக்கு வெளிய உக்காந்து, முதற்கையோட தூரிகைச் சத்தத்தப் பதிவு பண்ணிக்கிறேன். வருங்காலத்துக்கு.”

“இன்னைக்கு வேணாமே. ஈரம் சரியில்ல.”

“அடடா, அடக்கம்! பாத்தீங்களா கிஹேய்சான், பெரியவங்க எப்பவும் இப்படித்தான்.”

“ஆமா,” என்றான் கிஹேய். “எங்க ஆளுக்கு அடக்கம் ஜாஸ்தி. முப்பத்தெட்டு வருஷமா ஒரு சத்தம் வெளிய வந்ததில்லன்னா பாத்துக்கங்க.” அவன் கண் சிரிக்கவில்லை. அது தொமிஸோவின் கைத் தடிப்பிலேயே இருந்தது.

மூவரும் மாடிக் கதவுவரை ஏறிவிட்டார்கள்; இந்தப் படியில் திரும்பி இறங்கினால் எல்லாம் முடிந்தது. பட்டம் போகும், பெயர் போகும், இந்தக் கரையில் இதுவரை அவர் எழுதிய மூடி ஒவ்வொன்றும் பொய் என்று ஆகும். தொமிஸோ உள்ளே போய்த் தாழிட்டார். வெளியே கருவியின் சக்கரங்கள் சுழலத் தொடங்கின.

முழங்காலிட்டார்.

“இசோ,” என்றார், உதடு மட்டும் அசைய. “ஒண்ணே ஒண்ணு. இது ஒண்ணு போதும். உன் பேர எழுதறேன். வெளிப்பக்கமே எழுதறேன். பெருசா.”

மழை. ‘கடக்.’

மிச்சமிருந்த ஒரே மூடியை மடியில் வைத்து, மையைத் தொட்டு எழுதினார். அவள் பெயரைத்தான் நினைத்தார். அவள் முகத்தைத்தான் நினைத்தார். கை அதன் பாட்டுக்கு ஓடியது. கடைசிக் கோட்டை அழகாகச் சுழற்றி நின்றது.

கான்சாய்.

மூடியைப் பார்த்தார். கையைப் பார்த்தார். சட்டைக் கையால் மையைத் துடைத்தார், மூடியெல்லாம் கறுத்தது. மறுபடி எழுதினார். கான்சாய். விரலால் எழுதினார். கான்சாய்.

வாடை வந்தது. உப்பு. பாசி.

மூலையில் தண்ணீர் சொட்டியது. அவர் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவுமில்லை. சுவரோரப் பலகையில் வரிசையாக இருந்த நான்கு கிண்ணங்களின் கறுப்பிலும் அது தெரிந்தது. உத்தரத்திலிருந்து பாய்வரை. நனைந்து. நேராக. மரச்சட்டம் இல்லாத கூந்தல். அறுத்துக் கொடுத்த பிறகும் வளர்ந்துகொண்டே இருந்ததுபோல் அவ்வளவு நீளம்.

எழுந்து கதவைப் பிடிக்கக் கை நீட்டினார். கை வரவில்லை. மணிக்கட்டுவரை கறுப்பு. பளபளப்பு. எப்போது பூசப்பட்டதென்று தெரியவில்லை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. தடிப்பு இல்லை. அரிப்பு இல்லை. மழமழவென்றிருந்தது. அவ்வளவு நல்ல பூச்சு.

சில்லென்ற ஓர் உள்ளங்கை பிடரியைப் பிடித்தது. விளிம்பு பூசக் கிண்ணத்தைத் திருப்புவதுபோல் அவர் தலையைத் திருப்பியது. கழுத்திலிருந்து தாடைவரை, ஒரே நீளமான இழுப்பு. அந்தச் சத்தம். வெளியே நாகடா மகிழ்ச்சியில் முனகுவது கேட்டது.

“கேட்டீங்களா? கேட்டீங்களா? என்ன கை!”

கத்த வாயைத் திறந்தார். தாமதம். உதட்டின்மேல் இடமிருந்து வலம். ஒரு தரம். வலமிருந்து இடம். தாடி படிந்தது. மூக்கு. நெற்றி. எதிரே இருந்த கிண்ணத்தில் அவர் முகம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. வாய் இல்லை. மூக்கு இல்லை. கண்கள் மட்டும்.

இடது கண்ணிமையில் ஒரு மயிர் துருத்தி நின்றது. பூச்சில் விழுந்த தூசை நெம்பி எடுக்கும் இறகுத் தண்டு வந்தது. மெதுவாக. பொறுமையாக. அதை எடுத்தது. அடுத்ததையும்.

கடைசியாக அவர் பார்த்தது பாயில் கிடந்த மூடியை. மையெல்லாம் வழித்தெடுத்துச் சுத்தமாக இருந்தது. அதன்மேல், சுழற்று எதுவும் இல்லாமல், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவதுபோல், ஒரு பெயர் ஈரமாக இருந்தது.

இசோ.

பிறகு கண்கள்மேல் ஓர் இழுப்பு.

இருட்டு. மூச்சில்லாத இருட்டு. சீழ்க்கை, காதோரம், நீளமாக.

“முடிச்சிட்டார்!” நாகடாவின் குரல் பூச்சுக்கு அப்பால் எங்கோ கேட்டது. “அந்த மூச்ச விட்டதக் கேட்டீங்களா?”

“அது தொமி மூச்சு இல்ல.” கிஹேயின் குரல் உடைந்திருந்தது. “அது அண்ணி... கதவத் தொறங்க. அய்யோ, கதவத் தொறங்கய்யா!”

“கையெடுங்க! தூசு விழுந்துடும். காயட்டும்.”

கடக், என்றது ஈர அலமாரிச் சட்டம். தொமிஸோ தலைகீழாகத் திரும்பினார்.